கம்பளை மழையும் கச்சான் காற்றும்



ஆனி, ஆடி மாதங்களில் மூதூரிலும் கிண்ணியாவிலும் கச்சான் காற்று வீசும்போது என்ன பாடுபடுகிறோம்! கிணற்றில் நீர் அடிமட்டத்துக்குப் போய்விடும். வாசலெங்கும் புழுதி பறக்கும். அந்தக் காற்று எங்கிருந்து வருகிறது என்று எண்ணிப் பார்த்ததுண்டா?

அது தென்மேற்குப் பருவக்காற்று. மே முதல் செப்டெம்பர் வரை மலைநாட்டில் ஏறி, தன் ஈரத்தை மேற்குச் சரிவுகளில் கொட்டிவிட்டு, வறண்ட காற்றாக நம் பக்கம் இறங்குகிறது. அந்த மழையைப் பெறும் ஊர்களில் ஒன்று கம்பளை. கண்டி மாவட்டத்தில், சுமார் 1,500 அடி உயரத்தில், மகாவலிக் கரையில் அமைந்த சிறு நகரம்.

1341இல் நான்காம் புவனேகபாகு மன்னன் அதைத் தலைநகராக்கினான். 1344இல் இலங்கை வந்த இப்னு பதூதா, பாவா ஆதம் மலைக்குச் செல்லும் வழியில் கண்ட ‘குனக்கார்’ என்ற தலைநகர் கம்பளையே என்று கருதும் ஆய்வாளர்கள் உண்டு. 1820களில் ஜோர்ஜ் பேர்ட் என்ற ஆங்கிலேயர் அங்கே கோப்பித் தோட்டம் அமைத்தார். கோப்பிக்காகவும் பின்னர் தேயிலைக்காகவும் மலைநாட்டுக் காடுகள் பெருமளவில் வெட்டப்பட்டன.

வானிலிருந்து அளவோடு நீரை இறக்கி, அதைப் பூமியில் தங்க வைப்பதாக அல்லாஹ் கூறுகிறான் (அல்முஃமினூன் 18). மலையில் நீரைத் தாங்கி வைப்பது மரங்களின் வேர் பிடித்த மண்தான். மரம் போனால் மண்ணும் போகும்.

காற்று நமக்குத் தராத மழையை ஆறு கொண்டுவந்து தருகிறது. 335 கிலோமீற்றர் ஓடும் மகாவலி, மாவிலாறு வழியாக மூதூர், சேருவில வயல்களின் சிறுபோகத்துக்கு நீர் கொடுத்து, கொட்டியாரக் குடாவில் கடலோடு கலக்கிறது. நீங்கள் ஆக்கும் சோற்றில் கம்பளை மழையும் இருக்கிறது.

2025 நவம்பர் இறுதியில் ‘டித்வா’ புயல் மழையால் மலைகள் சரிந்தன. கம்பளை வெள்ளத்தில் மூழ்கியது. அதே மகாவலி பெருகி மூதூர்ப் பக்கத்தையும் வெள்ளக்காடாக்கியது. நிஃமத்தும் சோதனையும் ஒரே ஆற்றில்தான் வருகின்றன.

ஆகவே சகோதரியே, ஓடும் ஆற்றில் வுழூச் செய்தாலும் வீண்விரயம் கூடாதென்ற நபி (ஸல்) அவர்களின் போதனையைப் பிள்ளைகளுக்குப் பழக்குங்கள். வீட்டுக் குப்பையை ஆற்றில் கொட்டாதீர்கள். மலைநாட்டில் பெருமழை என்று வானொலி சொன்னால், “அது அங்கேதானே” என்று இருந்துவிடாதீர்கள். அவர்களுக்காக துஆச் செய்யுங்கள். ஆற்றோரம் குடியிருந்தால் அரிசியையும் பத்திரங்களையும் உடனே உயரத்தில் ஏற்றி வையுங்கள். அங்கே பெய்யும் மழை நம் வாசலுக்கும் வரும்.