வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளும் புரதப் பொடி எது?

எனக்கு க்ரோன் நோய் இருக்கிறது. திண்டுக்கல்லில் ஒரு மேல்நிலைப் பள்ளியில் வேதியியல் நடத்துகிறேன். நாள் முழுக்க நின்றுகொண்டே பேசும் வேலை. அதற்குத் தெம்பு வேண்டும். இந்த நோய் முதலில் கை வைப்பதே அந்தத் தெம்பில்தான்.

வாயிலிருந்து ஆசனவாய் வரை செரிமானப் பாதையில் எங்கு வேண்டுமானாலும் புண்ணும் வீக்கமும் உண்டாக்கும் நோய் இது. சிறுகுடலின் கடைசிப் பகுதியைத்தான் அதிகம் தாக்கும். 1932-இல் நியூயார்க்கின் மவுண்ட் சினாய் மருத்துவமனையைச் சேர்ந்த பர்ரில் க்ரோனும் அவருடைய இரண்டு சகாக்களும் இதை விவரித்து எழுதினார்கள். நம் நாட்டில் குடல் காசநோயும் ஏறக்குறைய இதே அறிகுறிகளோடு வரும் என்பதால், இரண்டையும் பிரித்தறிவது மருத்துவர்களுக்கே சிரமம். எனக்கும் முதலில் காசநோய் மாத்திரைதான் கொடுத்துப் பார்த்தார்கள். நோய் இன்னதென்று தெரிவதற்குள் வளையல்கள் முழங்கை வரை ஏறும் அளவுக்கு இளைத்துவிட்டேன்.

அப்போதுதான் ‘புரதம்’ என்ற சொல் பாடப்புத்தகத்திலிருந்து என் தட்டுக்கு வந்தது.

ஏன் இவ்வளவு புரதம்?

நல்ல உடல்நிலையில் உள்ள பெரியவர்களுக்கு, உடல் எடையில் ஒரு கிலோவுக்குத் தினம் 0.83 கிராம் புரதம் என்று ஐதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2020-இல் பரிந்துரைத்தது. 50 கிலோ எடை உள்ளவருக்கு இது சுமார் 42 கிராம். குடல் அழற்சி முற்றியிருக்கும் காலத்தில் கிலோவுக்கு 1.2 முதல் 1.5 கிராம் வரை தேவை என்பது ஐரோப்பிய மருத்துவ ஊட்டச்சத்துச் சங்கத்தின் வழிகாட்டல். அதே 50 கிலோ ஆளுக்கு 60 முதல் 75 கிராம்.

காரணம் எளிது. உடலில் அழற்சி இருக்கும்போது தசைப் புரதம் வேகமாகக் கரைகிறது. புண்ணான குடல் சுவர் வழியாகவும் புரதம் கசிந்து போகிறது. அழற்சியை அடக்கத் தரும் பிரெட்னிசலோன் போன்ற ஸ்டீராய்டு மாத்திரைகளும் தம் பங்குக்குத் தசையை அரிக்கின்றன. பசியோ இருப்பதில்லை.

ஆக, அதிகம் தேவைப்படும் நேரத்தில்தான் குறைவாகச் சாப்பிட முடிகிறது. நோய் தலைதூக்கிய நாட்களில் கொண்டைக்கடலை, தட்டைப்பயறு, கீரை எதுவும் எனக்கு ஆகாது. குழைந்த சாதம், இட்லி, மோர், வேகவைத்த முட்டை இவ்வளவுதான் இறங்கும். ஒரு முட்டையில் இருப்பது சுமார் 6 கிராம் புரதம். கணக்குப் போட்டுப் பார்த்தால் பள்ளம் எவ்வளவு பெரிது என்று புரியும். “பொட்டுக்கடலை மாவு கரைச்சுத் தரட்டுமாம்மா?” என்று அத்தை கேட்பார். நல்ல யோசனைதான், 100 கிராம் பொட்டுக்கடலையில் ஏறத்தாழ 20 கிராம் புரதம் உண்டு. ஆனால் அன்று இரவு முழுக்க வயிறு உப்பிக்கொண்டு நிற்கும். உணவால் நிரப்ப முடியாத அந்தப் பள்ளத்துக்குத்தான் பொடி.

டப்பாவின் பின்பக்கம்

மருந்துக் கடையில் ‘புரோட்டீன் பவுடர்’ என்று கேட்டால், பல நேரம் மேலே சிரிக்கும் குடும்பத்தின் படம் போட்ட டப்பா வரும். திருப்பிப் பாருங்கள். எடை அதிகமுள்ள மூலப்பொருளை முதலில் எழுத வேண்டும் என்பது நம் உணவுச் சட்டம். அங்கே சர்க்கரையோ மால்ட்டோடெக்ஸ்ட்ரினோ முன்வரிசையில் நின்றால், அந்த டப்பாவில் பெரும்பங்கு மாவுச்சத்து. 100 கிராமுக்கு எத்தனை கிராம் புரதம் என்பதை மட்டும் பார்த்து ஒப்பிடுங்கள். ஒரு கரண்டிக் கணக்கு பிராண்டுக்குப் பிராண்டு மாறும்.

உடற்பயிற்சிக் கூடத்தார் வாங்கும் பொடிகள் பெரும்பாலும் வே புரதம். பாலில் உள்ள புரதத்தில் ஐந்தில் நான்கு பங்கு கேசின்; மீதி ஒரு பங்கு வே. பாலாடைக்கட்டி செய்யும்போது வடியும் நீரிலிருந்து இதைப் பிரிக்கிறார்கள். ‘கான்சென்ட்ரேட்’ வகையில் 80 சதவீதம் வரை புரதம் இருக்கும். கூடவே லாக்டோஸ் என்ற பால் சர்க்கரையும் சில சதவீதம் இருக்கும். மேலும் வடிகட்டிய ‘ஐசொலேட்’ வகையில் புரதம் 90 சதவீதத்தை ஒட்டி வரும். லாக்டோஸ் பெரும்பாலும் 1 சதவீதத்துக்கும் கீழ்.

இந்தச் சில சதவீதம்தான் எங்களைப் போன்றவர்களுக்கு எல்லாமே. லாக்டோஸை உடைக்கும் லாக்டேஸ் நொதி சிறுகுடலின் உட்சுவரில், விரல் போன்ற முளைகளின் நுனியில் இருக்கிறது. குடல் வீங்கினால் முதலில் சேதமாவது அந்த நுனிதான். செரிக்காத லாக்டோஸ் பெருங்குடலுக்குப் போய், தண்ணீரை இழுத்து, பாக்டீரியாக்களால் நொதித்து, வாயுவும் வயிற்றுப்போக்கும் ஆகிறது. நோயில்லாவிட்டாலும், பெரியவர்களிடம் லாக்டேஸ் குறைவு வட இந்தியாவைவிடத் தென்னிந்தியாவில் அதிகம் என்று ஆய்வுகள் காட்டியுள்ளன. முன்பக்கம் ‘ஐசொலேட்’ என்று பெரிதாக அச்சிட்டு, பின்பக்கப் பட்டியலில் கான்சென்ட்ரேட்டையும் கலந்திருக்கும் டப்பாக்கள் உண்டு. பட்டியலைப் படிக்காமல் வாங்கக் கூடாது.

அடுத்தது இனிப்பு. ‘சர்க்கரை சேர்க்காதது’ என்ற பொடியில் சார்பிட்டாலோ மால்ட்டிட்டாலோ சைலிட்டாலோ இருந்தால், அவையும் குடலில் சரியாக உறிஞ்சப்படாமல் தண்ணீரை இழுக்கும். ‘நார்ச்சத்து நிறைந்தது’ என்ற பெயரில் சேர்க்கும் இனுலின், பாக்டீரியாக்களுக்குப் பிடித்த தீனி. ஆஸ்திரேலியாவின் மோனாஷ் பல்கலைக்கழகம் இப்படி எளிதில் நொதிக்கும் சர்க்கரைகளைப் பட்டியலிட்டு, ‘ஃபாட்மேப்’ குறைந்த உணவுமுறையை உருவாக்கியது. வயிறு உப்புபவர்கள் அந்தப் பட்டியலை அறிந்து வைத்துக்கொள்வது நல்லது. கொழகொழப்புக்காகச் சேர்க்கும் சில பால்மமாக்கிகள் எலிகளில் குடல் அழற்சியைத் தூண்டின என்று 2015-இல் ‘நேச்சர்’ இதழில் ஒரு ஆய்வு வந்தது. எலிக்கு நடந்தது மனிதருக்கும் அப்படியே நடக்கும் என்று சொல்லிவிட முடியாது. ஆனால் தேவையற்றதை எதற்குச் சேர்க்க வேண்டும்?

பால் வேண்டாம் என்றால்

பட்டாணிப் புரதத்தில் லாக்டோஸ் கிடையாது. பிரித்தெடுக்கும்போது வாயு உண்டாக்கும் சர்க்கரைகளில் பெரும்பகுதி போய்விடும். முழுப் பட்டாணியைவிட வயிற்றுக்கு இலேசு. மண்வாசனையும் நறநறப்பும் இருக்கும். அதில் மெத்தியோனின் குறைவு, அரிசிப் புரதத்தில் லைசின் குறைவு. அதனால் இரண்டையும் கலந்து விற்கிறார்கள். சோயாவில் அத்தியாவசிய அமினோ அமிலங்கள் எல்லாம் உண்டு. அழகுக்காக விளம்பரப்படுத்தும் கொலாஜனில் டிரிப்டோபான் அறவே இல்லை. அதை மட்டும் நம்பித் தசை வளர்க்க முடியாது. முட்டை வெள்ளைக்கருப் பொடியில் லாக்டோஸும் இல்லை, நாரும் இல்லை. ஈரோட்டுப் பக்கம் தயாராகும் பொருள்தான். கவிச்சி வாடை அடிக்கும்; மிளகுத் தூள் அதைத் தணிக்கும்.

நம்பகம்

வேதியியல் ஆசிரியையாக இதைச் சொல்லியே ஆக வேண்டும். டென்மார்க்கின் யோகன் கெல்டால் 1883-இல் வெளியிட்ட முறை, உணவிலுள்ள நைட்ரஜனை அளந்து 6.25-ஆல் பெருக்கிப் புரதத்தைக் கணக்கிடுகிறது. அது அளப்பது நைட்ரஜனைத்தான், புரதத்தை அல்ல. விலை மலிவான கிளைசினைக் கலந்தாலும் புரத அளவு உயர்ந்தது போலவே காட்டும். பட்டியலில் கிளைசினோ டாரினோ தனியாக எழுதியிருந்தால் எச்சரிக்கையாக இருங்கள். கேரளத்தின் ராஜகிரி மருத்துவமனை மருத்துவர் சிரியாக் ஆபி பிலிப்ஸும் குழுவினரும் இந்தியச் சந்தையில் விற்கும் 36 பொடிகளைச் சோதித்து 2024-இல் முடிவுகளை வெளியிட்டார்கள். ஏறக்குறைய 70 சதவீதப் பொடிகளில் டப்பாவில் எழுதிய புரத அளவு சரியில்லை. சிலவற்றில் பூஞ்சை நச்சான அஃப்ளடாக்சினும் இருந்தது. நோயாளி குடிக்கும் பொருளில் இப்படி நடப்பதைப் பொறுத்துக்கொள்ளவே முடியாது.

எனக்கு ஒத்துக்கொண்டது

நோய் அடங்கியிருக்கும் நாட்களில் மட்டுமே புதிய பொடியைத் தொடுவேன். முதலில் ஒரு டீஸ்பூன். சில நாள் பொறுத்து இன்னொன்று. அந்த நாட்களில் சாப்பாட்டில் வேறெதுவும் புதிதாகச் சேர்ப்பதில்லை; சேர்த்தால் வலி எதனால் வந்தது என்று தெரியாது. பொடியின் பெயர், அளவு, வயிற்றின் நிலை மூன்றையும் நோட்டில் எழுதி வைப்பேன்.

இப்படிப் பார்த்ததில் எனக்கு நிலைத்தது, சுவையோ இனிப்போ சேர்க்காத வே ஐசொலேட். மூலப்பொருள் பட்டியல் ஒரே வரி. அரைக் கரண்டி காலையில், அரைக் கரண்டி மாலையில். அரிசிக் கஞ்சி கை பொறுக்கும் சூட்டுக்கு ஆறிய பிறகு, பொடியைத் தனியே குளிர்ந்த நீரில் குழைத்துச் சேர்த்து, உப்பும் வறுத்த சீரகத் தூளும் தூவிக் குடிக்கிறேன். கொதிக்கும் கஞ்சியில் போட்டால் வே புரதம் திரிந்து கட்டி தட்டிவிடும். சத்து போகாது, ஆனால் தொண்டையில் இறங்காது. பால் பொருள் எதுவுமே ஆகாத நாட்களில் வெள்ளைக்கருப் பொடி.

எனக்கு ஒத்துக்கொண்டது உங்களுக்கு ஒத்துக்கொள்ள வேண்டும் என்பதில்லை. பட்டியல் சின்னதாக இருக்கட்டும், அளவு சின்னதாகத் தொடங்கட்டும் என்பதுதான் நான் எல்லோருக்கும் சொல்வது.

யார் கேட்டுத்தான் குடிக்க வேண்டும்?

சிறுநீரகம் பழுதுபட்டு இன்னும் டயாலிசிஸ் தொடங்காதவர்களுக்குப் புரதத்தைப் பெரும்பாலும் குறைக்கச் சொல்வார்கள். டயாலிசிஸ் செய்துகொள்பவர்களுக்கோ கூட்டச் சொல்வார்கள். ஒரே உறுப்பு, இரண்டு எதிர் அறிவுரை. ஆகவே பக்கத்து வீட்டுக்காரரின் டப்பாவைப் பார்த்து வாங்காதீர்கள். க்ரோன் உள்ள குழந்தைகளுக்கு 6 முதல் 8 வாரம் வேறு உணவின்றித் திரவ உணவு மட்டும் கொடுத்து நோயை அடக்கும் சிகிச்சையும் உண்டு. அது எல்லாச் சத்தும் அளந்து சேர்த்த முழு உணவு. புரதப் பொடி அதற்கு மாற்றல்ல. உடம்பு நன்றாக இருப்பவர்கள் தசைக்காக இந்தப் பொடிகளைத் தேட வேண்டியதில்லை என்று தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-இல் சொன்னதும் சரியே. பருப்பு, முட்டை, மீன், தயிர் செரிக்கும் வயிறு இருந்தால் அதுவே போதும்.

தயாரிப்பாளர்களிடம் ஒரு வேண்டுகோள். லாக்டோஸ் எத்தனை கிராம் என்று டப்பாவில் எழுதுங்கள். ஒருவேளைக்கான சிறு பொட்டலம் விற்பனைக்கு வையுங்கள். ஒரு டீஸ்பூன் ஒத்துக்கொள்ளுமா என்று பார்க்க ஒரு கிலோ வாங்கும் வசதி எல்லா நோயாளிக்கும் இல்லை.

வாசகர்களுக்கு ஒரு வார்த்தை. காரணமின்றி எடை குறைந்தால், வயிற்றுப்போக்கு வாரக்கணக்கில் நீடித்தால், மலத்தில் ரத்தம் தெரிந்தால் பொடி வாங்கக் கடைக்குப் போகாதீர்கள். குடல் மருத்துவரிடம் போங்கள். நோய் இன்னதென்று தெரிந்த பிறகு, வாங்க நினைக்கும் டப்பாவின் பின்பக்கத்தைப் படமெடுத்து அவரிடமே காட்டி, அளவு கேட்டுத் தொடங்குங்கள்.