'எல்லாரும் பார்த்து எழுதுறாங்க, நான் மட்டும் லூசா?' - பிள்ளை கேட்டால் என்ன பதில் சொல்வது?

அரையாண்டுத் தேர்வுப் பேப்பர் கொடுத்த அன்று அக்கா மகன் என்னிடம் கேட்ட கேள்வி இது. ஏழாம் வகுப்பு படிக்கிறான். கணக்குப் பரீட்சையன்று ஹாலில் இருந்த மிஸ் போன் பேச வெளியே போன பத்து நிமிடத்தில், பாதி வகுப்பு பேப்பரை மாற்றி மாற்றிக் காட்டியிருக்கிறது. இவன் பார்க்கவில்லை. பக்கத்து பெஞ்ச் பையனுக்கு 91. இவனுக்கு 64.

"அவனுக்கு வீட்ல சைக்கிள் வாங்கித் தர்றாங்களாம் சித்தி. நான் மட்டும் லூசா?"

எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. காரணம் இருக்கிறது. பிளஸ் டூ இயற்பியல் தேர்வின் கடைசிப் பத்து நிமிடம். ஒரு சார் கதவருகே நின்று வராண்டாவைப் பார்த்துக்கொண்டார். இன்னொரு சார் ஒன் மார்க் கேள்விகளுக்கான விடைகளை மெல்லிய குரலில் வாசித்தார். நான் நான்கு விடைகளை அடித்துத் திருத்தினேன். வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னபோது, "பரவால்ல விடு, எல்லாருக்கும்தானே சொன்னாங்க" என்றார். நானும் விட்டுவிட்டேன்.

அந்த 'எல்லாருக்கும்தானே' என்பதுதான் இங்கே சிக்கல். காப்பியடிப்பது சகஜமாகிப்போன ஓர் ஊரில், பிள்ளையை மட்டும் நேர்மையாக வளர்ப்பது எப்படி? முதலில் நிலவரத்தைப் பார்த்துவிடுவோம்.

பிள்ளைகள் சொல்வது உண்மைதான்

'யாரோ ஒருத்தர் ரெண்டு பேர்தான் அப்படி' என்று பிள்ளையிடம் சொல்ல முடியாது. அவர்களும் செய்தி பார்க்கிறார்கள்.

* 2015-ல் பிஹாரின் வைஷாலி மாவட்டத்தில் எடுக்கப்பட்ட படம் உலகம் முழுக்கப் பரவியது. பத்தாம் வகுப்புத் தேர்வு நடந்த கட்டடத்தின் சுவரில் ஏறி, ஜன்னல் வழியாக பிட் கொடுத்துக்கொண்டிருந்தார்கள்.

* பாலிடெக்னிக் விரிவுரையாளர் பணிக்காக 2017 செப்டம்பரில் தமிழ்நாடு ஆசிரியர் தேர்வு வாரியம் நடத்திய தேர்வில், மதிப்பெண்கள் திருத்தப்பட்டது தெரியவந்தது. 2018 பிப்ரவரியில் அந்தத் தேர்வே ரத்தானது. ஆசிரியர்களைத் தேர்ந்தெடுக்கும் தேர்வு அது!

* 2019 செப்டம்பரில் நடந்த டி.என்.பி.எஸ்.சி. குரூப் 4 தேர்வில், சிறிது நேரத்தில் மறைந்துவிடும் மையால் விடை குறித்துக் கொடுத்துவிட்டு, பிறகு இடைத்தரகர்கள் மூலம் சரியான விடைகளை நிரப்பியது அம்பலமானது. 99 பேருக்கு வாழ்நாள் தடை விதிக்கப்பட்டது.

* அதே 2019-ல் நீட் ஆள்மாறாட்ட வழக்கு. தேனி அரசு மருத்துவக் கல்லூரியில் தொடங்கிய விசாரணையில் மாணவர்களோடு சேர்ந்து அவர்களின் தந்தையரும் கைதானார்கள்.

* 2024 மே மாதம் நடந்த நீட் தேர்வில் பாட்னா, ஹசாரிபாக் ஆகிய இடங்களில் வினாத்தாள் கசிந்ததை உச்ச நீதிமன்றம் தன் உத்தரவில் குறிப்பிட்டது. தேர்வு முழுவதும் பாதிக்கப்பட்டதற்கு ஆதாரம் இல்லை என்று சொல்லி, மறுதேர்வு கோரிக்கையை ஜூலை 23-ம் தேதி நிராகரித்தது.

இந்தப் பட்டியலை இன்னொரு முறை மேலோட்டமாகப் பாருங்கள். பிஹாரில் சுவர் ஏறியவர்கள் தேர்வு எழுதிய பிள்ளைகள் இல்லை, அவர்களின் உறவினர்கள். ஆள்மாறாட்டத்தில் அப்பாக்கள். என் தேர்வு அறையில் இரண்டு சார்கள். ஏதோ ஓர் இடத்தில் ஒரு பெரியவர் நின்று, 'இது தப்பில்லை' என்று வழிவிட்டிருக்கிறார்.

சட்டம் பார்த்துக்கொள்ளாதா?

ஓரளவுக்குத்தான். பொதுத் தேர்வுகளில் முறைகேடுகளைத் தடுக்கும் சட்டத்தை மத்திய அரசு 2024 ஜூன் 21 முதல் அமலுக்குக் கொண்டுவந்தது. முறைகேட்டில் ஈடுபடுபவர்களுக்கு 3 முதல் 5 ஆண்டுகள் வரை சிறை, 10 லட்சம் ரூபாய் வரை அபராதம். கும்பலாகத் திட்டமிட்டுச் செய்தால் 5 முதல் 10 ஆண்டுகள் சிறை, குறைந்தபட்சம் ஒரு கோடி ரூபாய் அபராதம்.

ஆனால், இது யு.பி.எஸ்.சி., ரயில்வே, வங்கிப் பணி, நீட் போன்ற தேர்வுகளுக்கானது. குறி வைப்பதும் வினாத்தாளை விற்கும் கும்பல்களை. ஏழாம் வகுப்பு கணக்குப் பரீட்சைக்குச் சட்டம் வராது. அங்கே வீடுதான் சட்டம்.

நேர்மை பிறவிக் குணமா?

'எங்க பையன் அப்படியெல்லாம் செய்ய மாட்டான்' என்று நம்புகிற பெற்றோருக்கு ஒரு பழைய ஆய்வு. அமெரிக்காவில் 1920-களில் ஹார்ட்ஷோர்ன், மே என்ற இரண்டு ஆய்வாளர்கள் 10,000-க்கும் மேற்பட்ட பள்ளிப் பிள்ளைகளுக்கு ஏமாற்ற வாய்ப்புக் கொடுத்துப் பார்த்தார்கள். வகுப்புத் தேர்வில், வீட்டுப்பாடத்தில், விளையாட்டில் எனப் பல இடங்களில் சோதனை நடந்தது. 1928-ல் முடிவுகள் வெளியாகின.

பிள்ளைகளை 'நேர்மையானவர்கள்', 'ஏமாற்றுபவர்கள்' என்று இரண்டு கூட்டமாகப் பிரிக்கவே முடியவில்லை. ஓரிடத்தில் நேர்மையாக இருந்த பிள்ளை இன்னோர் இடத்தில் ஏமாற்றியது. சூழல் எப்படி இருக்கிறது, கூட இருக்கும் நண்பர்கள் என்ன செய்கிறார்கள் என்பதைப் பொறுத்து நடத்தை மாறியது.

இதில் கெட்ட செய்தி, நம் பிள்ளையும் செய்யக்கூடும். நல்ல செய்தி, சூழலை மாற்றினால் பிள்ளையும் மாறும். வகுப்பறை நம் கையில் இல்லை. வீடு நம் கையில் இருக்கிறது.

வீட்டில் நாமே நடத்தும் பாடம்

"கண்டக்டர் கேட்டா நாலு வயசுன்னு சொல்லு." "போன்ல யாரு? அப்பா வீட்ல இல்லைன்னு சொல்லிடு." "லீவ் லெட்டர்ல காய்ச்சல்னு எழுதிக்கலாம்." இதெல்லாம் நமக்குச் சின்ன விஷயம். பக்கத்தில் நின்று கேட்கும் பிள்ளைக்கு?

கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் சான் டியேகோ வளாகத்தில் நடந்த ஆய்வு ஒன்று 2014-ல் வெளியானது. 3 முதல் 7 வயது வரையிலான 186 பிள்ளைகள். சிலரிடம், 'பக்கத்து ரூம்ல கிண்ணம் நிறைய மிட்டாய் இருக்கு' என்று சொல்லிக் கூப்பிட்டு, பிறகு 'சும்மா சொன்னேன்' என்றார்கள். மற்றவர்களிடம் அந்தப் பொய் சொல்லப்படவில்லை. அடுத்து ஒரு விளையாட்டு. பொம்மையைத் திரும்பிப் பார்க்காமல், சத்தத்தை மட்டும் வைத்து அது என்னவென்று சொல்ல வேண்டும். பிள்ளையைத் தனியே விட்டுப் பெரியவர் வெளியே போய்விடுவார்.

பொய் சொல்லப்படாத, பள்ளி வயதுப் பிள்ளைகளில் சுமார் 60 சதவீதம் பேர் திரும்பிப் பார்த்தார்கள். பொய் சொல்லப்பட்டவர்களில் இது கிட்டத்தட்ட 80 சதவீதம். பார்த்துவிட்டு, 'பார்க்கலை' என்று மறைத்தவர்களும் இரண்டாவது கூட்டத்தில்தான் அதிகம். பெரியவர் ஏமாற்றினால், அவரிடம் நேர்மையாக இருக்க வேண்டிய அவசியம் என்ன என்று பிள்ளை நினைத்திருக்கலாம்.

இப்போது ஸ்கூல் புராஜெக்டை நினைத்துப் பாருங்கள். இரவு 11 மணிக்கு அம்மா தெர்மாகோலை வெட்டுகிறார். அப்பா சாட்ஜிபிடியில் கட்டுரை எடுக்கிறார். காலையில் பிள்ளை தன் பெயரை எழுதிக் கொண்டுபோகிறது. பரீட்சையில் பக்கத்துப் பேப்பரைப் பார்ப்பதும் இதுவும் ஏன் வேறு வேறு என்று கேட்டால், நம்மிடம் பதில் இல்லை.

'நீ பயங்கர புத்திசாலி' என்பதும் சிக்கலா?

ஆமாம், கொஞ்சம் ஆச்சரியமான விஷயம்தான். சீனாவில் 3, 5 வயதுப் பிள்ளைகளிடம் நடந்த ஆய்வு 2017-ல் வெளியானது. அட்டையில் உள்ள எண்ணைப் பற்றி ஊகிக்கும் விளையாட்டு. 'நீ ரொம்ப புத்திசாலி' என்று பாராட்டப்பட்ட பிள்ளைகள், 'இந்த முறை நல்லா செஞ்சே' என்று பாராட்டப்பட்டவர்களைவிட அதிகமாக அட்டையை எட்டிப் பார்த்தார்கள். புத்திசாலிப் பட்டம் ஒருமுறை கிடைத்துவிட்டால், அதைக் காப்பாற்றியாக வேண்டும் அல்லவா?

சொந்தக்காரர்கள் முன்னால் 'எங்க பொண்ணு எப்பவும் சென்டம்தான்' என்று சொல்லும்போது, அந்தச் சுமையைத்தான் பிள்ளையின் தலையில் வைக்கிறோம்.

ரெண்டு போட்டால் சரியாகிவிடாதா?

ஆகாது. மேற்கு ஆப்பிரிக்காவில் இரண்டு பள்ளிகளை ஒப்பிட்ட ஆய்வு 2011-ல் வெளியானது. ஒன்று அடி விழும் பள்ளி, மற்றொன்று அடிக்காத பள்ளி. அடி விழும் பள்ளியின் பிள்ளைகள் அதிகமாகப் பொய் சொன்னார்கள். மாட்டிக்கொள்ளாமல் சமாளிப்பதிலும் அவர்களே கெட்டிக்காரர்கள். அடி, நேர்மையைக் கற்றுத்தரவில்லை. நன்றாக மறைக்கக் கற்றுத்தந்திருக்கிறது.

கதைகளிலும் இதே கதைதான். 2014-ல் வெளியான மற்றோர் ஆய்வில், பொய் சொன்னவன் தண்டனை அனுபவிக்கும் கதைகள் பிள்ளைகளிடம் மாற்றம் எதையும் கொண்டுவரவில்லை. தவறை ஒப்புக்கொண்ட சிறுவனை அப்பா பாராட்டும் கதையைக் கேட்டவர்கள்தான் அதிகம் உண்மை பேசினார்கள்.

சரி, வீட்டில் என்ன செய்யலாம்?

* முதல் கேள்வியை மாற்றுங்கள். "எவ்வளவு மார்க்?" என்பதற்கு முன், "எந்தக் கேள்வி கஷ்டமா இருந்துச்சு?" என்று கேளுங்கள். மார்க்கை அதன் பிறகு கேட்டுக்கொள்ளலாம்.

* குறைந்த மார்க்குக்கு வீட்டில் இடம் கொடுங்கள். 'சொந்தமா எழுதி வாங்கின 40-க்கு இந்த வீட்ல திட்டு கிடையாது' என்று ஒருமுறை வெளிப்படையாகச் சொல்லுங்கள். முக்கியம்: 40 வரும் அன்று சொன்ன சொல்லைக் காப்பாற்றுங்கள்.

* ஒப்புக்கொண்டால், முதலில் நன்றி. "சொன்னது நல்லது" என்று ஆரம்பியுங்கள். பிறகு அதே பாடத்தை உட்கார்ந்து சேர்ந்து படியுங்கள். பார்த்து எழுதிய இடம்தான் பிள்ளைக்குப் புரியாத இடம்.

* மறுக்க ஒரு வாக்கியம் சொல்லிக்கொடுங்கள். பார்த்து எழுதாமல் இருப்பதைவிட, "காட்டுடா" என்று கெஞ்சும் நண்பனிடம் மறுப்பது கஷ்டம். "முன்னாடியே கேளு, சொல்லித் தர்றேன். உள்ள காட்ட மாட்டேன்." இப்படிச் சொல்லப் பழகினால் நட்பும் தப்பும்.

* புராஜெக்டில் உதவுங்கள், செய்துகொடுக்காதீர்கள். கோணலாக ஒட்டிய சார்ட் பரவாயில்லை.

* ஆசிரியரே விடை சொன்னால், நீங்கள் போய்ப் பேசுங்கள். பன்னிரண்டு வயதுப் பிள்ளையைப் புகார் கொடுக்க அனுப்பாதீர்கள். அது பெரியவர்கள் தீர்க்க வேண்டிய சண்டை.

நேர்மையாக இருந்தால் தோற்றுவிடுவார்களா?

சில நேரம் ஆம். இதை மறைக்க வேண்டாம். 'நேர்மையா இருந்தா கண்டிப்பா ஜெயிப்ப' என்று வாக்குக் கொடுத்தால், 64-க்கும் 91-க்கும் நடுவே நிற்கும் பிள்ளை நம்மைத்தான் பொய்யர் என்று நினைக்கும். இழப்பு இருக்கும், அதை நாம் சேர்ந்து தாங்கிக்கொள்வோம் என்று சொல்வதே நேர்மை.

ஆனால் எந்த இழப்பு எவ்வளவு பெரியது என்று பிரித்துச் சொல்லலாம். ஏழாம் வகுப்பு அரையாண்டு மார்க் யாருடைய வாழ்க்கையையும் முடிவுசெய்வதில்லை. பொதுத் தேர்வு முடிவுகளில் மாநில ரேங்க் அறிவிப்பதையே தமிழ்நாடு அரசு 2017-ல் நிறுத்திவிட்டது. ரேங்க் போர்டு இன்னும் தொங்குவது பெரும்பாலும் நம் ஹாலில், நம் ஃபேமிலி வாட்ஸ்அப் குரூப்பில்.

தனக்கு என்ன தெரியும், என்ன தெரியாது என்பது 64 வாங்கியவனுக்குத் தெரியும். அடுத்த வருடக் கணக்கு இதன் மேல்தான் வரப்போகிறது. 91 வாங்கியவனின் வீட்டில் அவனுக்கு எது புரியவில்லை என்று யாருக்கும் தெரியாது.

அன்று அக்கா மகனிடம் நான் அறிவுரை எதுவும் சொல்லவில்லை. என் பிளஸ் டூ கதையைச் சொன்னேன். இதுவரை அம்மாவைத் தவிர வேறு யாரிடமும் சொல்லாத கதை. "அப்ப உன் மார்க்ல நாலு உன்னுது இல்லியா?" என்று கேட்டான். இல்லை என்றேன். கொஞ்ச நேரம் யோசித்தான். "என்னுது 64-ம் என்னுதுதான்" என்றான்.

அக்கா பேப்பரில் கையெழுத்துப் போட்டார். தப்பான கணக்குகளை அன்றிரவே இருவரும் உட்கார்ந்து போட்டுப் பார்த்தார்கள். சைக்கிள் மட்டும் இன்னும் பேச்சுவார்த்தையில் இருக்கிறது.