தொண்டை வலியும் வீட்டு வைத்தியமும்

ஐப்பசியில் அடைமழை தொடங்கினால், மார்கழிப் பனி விலகும் வரை தஞ்சைத் தரணியில் தும்மலும் இருமலும் கேளாத வீடில்லை. உடனே அஞ்சறைப் பெட்டியைத் திறக்கிறோம். அது தவறன்று, ஆனால் அதன் எல்லையை நாம் அறிந்திருத்தல் வேண்டும்.

சளிக்குக் காரணம் மழையன்று. வைரஸ் என்னும் நுண்கிருமியே. மழை நாளில் கதவடைத்து நெருங்கியிருக்கையில் அது எளிதில் பரவுகிறது. பெரும்பாலும் 7 முதல் 10 நாட்களில் தானே அடங்கிவிடும். அதுவரை நோயாளியின் வருத்தத்தைத் தணிப்பதே நம் பணி.

ஒரு குவளை வெந்நீரில் அரைத் தேக்கரண்டி உப்பிட்டு, சூடு தணிந்து வெதுவெதுப்பானதும் தொண்டையில் படுமாறு கொப்பளித்தல் நன்று. சுக்கும் மிளகும் பனைவெல்லமும் இட்ட கஷாயம், மிளகு ரசம், நொய்க் கஞ்சி ஆகியவை இதமளிக்கும். உறங்குமுன் ஒரு தேக்கரண்டி தேன் குழந்தைகளின் இருமலைத் தணிக்கும். ஆனால் ஒரு வயது நிரம்பாத சிசுவின் நாவில் தேனைத் தொட்டும் வைத்தலாகாது. தேனில் இருக்கக்கூடிய ஒருவகைக் கிருமி சிசுவின் தசைகளைச் செயலிழக்கச் செய்துவிடும். குளிப்பாட்டியபின் மூக்கில் எண்ணெய் விடும் பழைய வழக்கத்தையும் கைவிடுவோம். அவ்வெண்ணெய் நுரையீரலில் இறங்கினால் அங்கே அழற்சி உண்டாகும்.

எல்லாத் தொண்டை வலியும் சளியால் வருவதன்று. 5 முதல் 15 வயதுக்குட்பட்ட பிள்ளைக்கு மூக்கொழுகலும் இருமலும் இன்றிக் காய்ச்சல் கண்டு, தொண்டை சிவந்து, உள்நாக்கின் இருபுறமும் வெண்மை படர்ந்து, கழுத்தில் நெறி கட்டினால், அது ஸ்ட்ரெப்டோகாக்கஸ் என்னும் பாக்டீரியாவின் வேலையாயிருக்கலாம். கஷாயம் அதனைத் தீர்க்காது. கவனியாது விட்டால், சில பிள்ளைகளுக்கு இரண்டு மூன்று வாரங்களில் மூட்டுகள் வீங்கி வாதக் காய்ச்சல் வரும். மூட்டு வலி மறைந்துவிடும். இதய வால்வுகளில் விழுந்த பழுதோ ஆயுள் முழுதும் தொடரக்கூடும். உரிய காலத்தில் மருத்துவர் தரும் பென்சிலின் இதனைத் தடுக்கவல்லது. காய்ச்சல் விட்டதென்று மருந்தை நடுவில் நிறுத்தலாகாது. அம்மருந்தைச் சாதாரணச் சளிக்குத் தாமே வாங்கி உண்பதும் வீண்; வைரஸை அது ஒன்றும் செய்யாது. மூச்சுத் திணறினாலோ, எச்சிலும் விழுங்க இயலாவிட்டாலோ, நொடியும் தாமதியாது மருத்துவமனை செல்க.

1798 முதல் 1832 வரை தஞ்சையை ஆண்ட இரண்டாம் சரபோஜி மன்னர், தன்வந்திரி மகாலில் நாட்டு மருத்துவத்தையும் மேனாட்டு மருத்துவத்தையும் அருகருகே வைத்து ஆராயச் செய்தார். அந்த நடுநிலை நம் இல்லங்களிலும் நிலவட்டும். கஷாயம் அடுப்பில் கொதிக்கட்டும். தாயின் விரல் பிள்ளையின் கழுத்து நெறியையும் தடவிப் பார்க்கட்டும்.