இடைச் சான்றிதழ் எங்கே?

ஓர் இணையதளம் உங்கள் கணிப்பொறியில் தடையின்றித் திறக்கிறது. கைப்பேசியில் உள்ள ஒரு செயலியோ, அதே தளத்தோடு தொடர்புகொள்ள முயன்று, 'இணைப்பு பாதுகாப்பானதன்று' என்று விலகிக்கொள்கிறது. தளம் ஒன்றே. ஒரு கருவி ஏற்றதை மற்றொன்று மறுப்பானேன்?

பாதுகாப்பான இணைப்பில் நாம் அனுப்பும் செய்தி சங்கேத வடிவில் செல்கிறது. இடையில் ஒட்டுக் கேட்பவனுக்கு அது விளங்காது. ஆனால் மறைத்து அனுப்பினால் மட்டும் போதுமா? மறுமுனையில் இருப்பவனே மோசடிக்காரனாயின், கடவுச்சொல்லைப் பத்திரமாகப் பூட்டி அவன் கையிலேயே கொடுத்தவர்களாவோம். ஆகவே, பிரவுசர் முதலில் சர்வரின் சான்றிதழைச் சோதிக்கிறது. தளத்தின் பெயர், அதன் பொதுச் சாவி, காலக்கெடு, சான்று வழங்கிய நிறுவனத்தின் கையொப்பம் ஆகியவை அதில் உண்டு. இங்கே கையொப்பம் என்பது மையால் இடப்படுவதன்று. கணக்கிட்டுப் பெறும் ஒரு பேரெண். அதை உண்டாக்க இரகசியச் சாவி வேண்டும். சரிபார்க்கப் பொதுச் சாவியே போதும்.

மதிப்பெண் பட்டியலின் நகலில் ஓர் அதிகாரி பச்சை மையால் சான்றொப்பமிடுகிறார். அவர் அதிகாரிதான் என்பதற்கு யார் சாட்சி? இதே கேள்வி இங்கும் எழுகிறது. நூற்றுக்கு மேற்பட்ட 'மூலச் சான்றிதழ்கள்' நம் கருவிகளிலேயே முன்கூட்டிச் சேமிக்கப்பட்டுள்ளன. மூலத்தின் இரகசியச் சாவி களவுபோனால் பெருங்கேடு என்பதால், அதை வலையமைப்பில் இணைக்காமல் பூட்டி வைக்கிறார்கள். அன்றாடக் கையொப்பங்களை இடுவது, மூலம் ஒப்புதலளித்த 'இடைச் சான்றிதழின்' சாவி. ஆக மூலம், இடை, தளம் என மூன்று கண்ணிகள் கொண்ட சங்கிலி அமைகிறது.

சர்வர் தன் சான்றிதழையும், அதையடுத்து இடைச் சான்றிதழையும் அனுப்பியாக வேண்டும். மூலத்தை அனுப்பத் தேவையில்லை. சர்வரை அமைப்பவர் பலமுறை தவறுவது இங்கேதான். தம் தளத்தின் சான்றிதழை மட்டும் வைத்துவிட்டு, குரோமில் திறந்து பார்க்கிறார். திறக்கிறது! ஏனெனில், இடைச் சான்றிதழ் கிடைக்கும் முகவரி தளத்தின் சான்றிதழிலேயே எழுதப்பட்டிருக்கும். குரோம் தானே போய் அதை எடுத்துக்கொள்ளும். பயர்பாக்ஸ் தனக்குத் தெரிந்த இடைச் சான்றிதழ்களை முன்னரே சேமித்து வைத்திருக்கும். கைப்பேசிச் செயலிகள் பல இவ்வாறு தேடிச் செல்வதில்லை. கண்ணி அறுந்த இடத்திலேயே நின்றுவிடுகின்றன. பிரவுசரின் இந்த உதவியே பிழையை மறைத்துவிடுகிறது. எனவே, உதவி எதுவும் செய்யாத ஓப்பன்எஸ்எஸ்எல் போன்ற கருவியால் சர்வர் எத்தனை சான்றிதழ்களை அனுப்புகிறது என்று பார்க்க வேண்டும். தளத்தின் சான்றிதழ் மட்டும் வந்தால் நோய் தெரிந்துவிட்டது.

வேறு பிழைகளும் உண்டு. சான்றிதழிலுள்ள பெயரும் முகவரியும் வேறுபடலாம். சான்றிதழைப் புதுப்பித்த பின்னும், சர்வர் மென்பொருள் தன் நினைவகத்தில் உள்ள பழையதையே காட்டிக்கொண்டிருக்கலாம். அதை மீண்டும் ஏற்றச் செய்தால் போதும். சில வேளை குற்றம் நம்முடையதே: கைப்பேசியின் தேதி தவறாயிருந்தால், நல்ல சான்றிதழும் காலாவதியானதாகவே தோன்றும்.

எச்சரிக்கையைக் கண்டதும் 'பரவாயில்லை, தொடர்க' என்று அழுத்துவோர் பலர். சர்வரை அமைத்தவரின் கவனக்குறைவுக்கும் இடையில் புகுந்த திருடனுக்கும் பிரவுசர் காட்டுவது ஏறக்குறைய ஒரே எச்சரிக்கைதான். கடவுச்சொல் கேட்கும் பக்கத்தில் அதை அழுத்தவே கூடாது என்பேன். சான்றிதழைத் திறந்து பெயர், தேதி, வழங்கியவர் ஆகிய மூன்றையும் பாருங்கள். தளத்தாருக்குத் தெரிவிக்கும்போது அவை பயன்படும்.

சர்வரின் சான்றிதழ் நன்றாயிருந்தும் சங்கிலி அறுவதுண்டு. 2021 செப்டம்பர் 30 அன்று 'டிஎஸ்டி ரூட் சிஏ எக்ஸ்3' என்னும் மூலச் சான்றிதழ் காலாவதியாயிற்று. இலவசமாகச் சான்றிதழ் வழங்கும் லெட்ஸ் என்கிரிப்ட், பழைய கருவிகளின் நம்பிக்கையைப் பெற இதையே சார்ந்திருந்தது. புதிய கருவிகளோ அதன் சொந்த மூலத்தை அறிந்திருந்தன. ஓப்பன்எஸ்எஸ்எல் 1.0.2 போன்ற பழைய மென்பொருள்கள், புதிய மூலம் கையிலிருந்தும், சர்வர் அனுப்பிய நீண்ட சங்கிலியைக் கடைசிவரை பின்பற்றிச் சென்று, காலாவதியான மூலத்தில் முட்டி நின்றன. வேடிக்கை என்னவெனில், ஆண்ட்ராய்டு கைப்பேசி மூலத்தின் காலக்கெடுவைப் பார்ப்பதேயில்லை. பழைய கைப்பேசிகளுக்காகவே அந்த நீண்ட சங்கிலி விட்டுவைக்கப்பட்டிருந்தது. பழைய மூலத்தைக் கருவியிலிருந்து நீக்கியதும், அல்லது சர்வரில் குறுகிய சங்கிலியை வைத்ததும், அம்மென்பொருள்கள் மீண்டும் இணைந்தன.