மடிக்கணினி வாங்கும் முன் கடன் கொப்பியை நினையுங்கள்

நமுனுகுலையில் கடை வைத்திருப்பவனுக்குக் கணினி என்றால் முதலில் கடன் கொப்பிதான். தோட்டத்து மக்கள் மாதம் முழுவதும் சாமான் எடுத்து, சம்பள நாளில் கணக்கு முடிப்பார்கள். யார் எவ்வளவு தர வேண்டும், எந்த வீட்டில் கஷ்டம் என்பதெல்லாம் முன்பு என் மேசை லாச்சிக்குள் பூட்டிக் கிடந்தது. இப்போது மடிக்கணினிக்குள் இருக்கிறது.

சில வருடங்களுக்கு முன் திரை பழுதாகி, கணினியைத் திருத்தக் கொடுத்தேன். சோதித்துப் பார்க்க வேண்டும் என்று கடவுச்சொல்லைக் கேட்டார்கள். கொடுத்தேன். எடுக்கப் போன அன்று அங்கிருந்த பையன், "நானா, மகள்ட கல்யாணப் படமெல்லாம் நல்லா வந்திருக்கு" என்றான். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. ஆனால் பஸ்ஸில் வரும்போது மனம் சரியில்லை. படத்தைப் பார்த்தவன் கொப்பியையும் பார்த்திருக்கலாமே! அடையாள அட்டை இலக்கத்தோடு கடன் விபரம் வெளியே போனால் தலைகுனிவது நானல்ல, என்னை நம்பியவர்கள். அது அமானிதம்.

அதன் பிறகுதான் மகன் சொற்படி லினக்ஸுக்கு மாறினேன். 1991இல் தொடங்கிய இந்த இயங்குதளம் இலவசம். அதன் மூலநிரலை யாரும் திறந்து பார்க்கலாம். கணக்கு எழுத லிப்ரே ஒபிஸ் போதும். இப்போது அந்தக் கணினி தேய்ந்துவிட்டதால் புதிதாக, நல்லதாக ஒன்று வாங்கப் புறப்பட்டேன். விண்டோஸ் 10க்கான இலவசப் பாதுகாப்பு ஆதரவு 2025 ஒக்டோபர் 14உடன் முடிந்ததால், வியாபாரிகள் பலரும் இதே யோசனையில் இருக்கிறார்கள். நான் பார்த்தவற்றைச் சொல்கிறேன்.

முதலில் மெக்புக். பெட்டரி நீண்ட நேரம் நிற்கும், அழகும் உண்டு. ஆனால் சேமிப்பகம் பலகையோடு ஒட்டியிருக்கிறது, கழற்ற முடியாது. அசாஹி என்ற திட்டத்தின் தன்னார்வலர்கள் எம்1, எம்2 வகைகளில் லினக்ஸை ஓட வைத்தாலும், கடைக்காரனுக்கு அது சோதனைக் களம் அல்ல.

அடுத்தது பிரேம்வேர்க். 2021இல் வந்த இதில் பாகங்களை நாமே கழற்றி மாற்றலாம். கெமராவுக்கும் மைக்குக்கும் தனித்தனி ஆளி உண்டு. மனதுக்குப் பிடித்தது. ஆனால் ஒரு பாகம் உடைந்தால் வெளிநாட்டிலிருந்து வரும்வரை கடைக் கணக்கு காத்திருக்குமா?

மூன்றாவது லெனோவோவின் திங்பேட். 2020 முதல் சில வகைகளை லினக்ஸ் போட்டே அந்தக் கம்பனி விற்றது. இதே கம்பனிதான் 2014–15இல் வேறு வகை மடிக்கணினிகளில் சுப்பர்பிஷ் என்ற விளம்பர மென்பொருளைப் போட்டு விற்று, மாட்டிக்கொண்டது. பாதுகாப்பான இணையப் பக்கங்களுக்குள்ளும் அது தலையிட்டது. திங்பேட் அதில் அகப்படவில்லை. எந்தக் கம்பனியாக இருந்தாலும், பெட்டியோடு வருவதை அழித்துவிட்டு நாமே புதிதாகப் போடுவதே நல்லது.

கடைசியில் திங்பேட்தான் எடுத்தேன். காரணம் மூன்று. கெமராவைக் கையால் மூடும் சிறு மூடி இருக்கிறது. அடிப்பகுதியைக் கழற்றினால் சேமிப்பகத்தை வெளியே எடுத்துவிடலாம். இனித் திருத்தக் கொடுக்கும்போது அது என் பெட்டகத்தில் இருக்கும், கணினி மட்டும் போகும். மூன்றாவது, லினக்ஸ் ஏற்றிய பென் டிரைவைக் கொண்டுபோய்க் கடையிலேயே ஓட்டிப் பார்த்தேன். வைபை, சத்தம், மூடித் திறந்தால் விழிப்பது எல்லாம் வேலை செய்தன. விரல் அடையாள வசதி சில வகைகளில் லினக்ஸில் ஓடாது. அதையும் கேட்டுப் பாருங்கள்.

வீட்டுக்கு வந்ததும் லினக்ஸை நிறுவும்போது, சேமிப்பகம் முழுவதையும் மறைகுறியாக்கும் தெரிவைப் போட்டேன். உள்நுழையும் கடவுச்சொல் மட்டும் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். அது வாசல் கதவு மட்டும்தான். சேமிப்பகத்தைக் கழற்றி வேறு கணினியில் பொருத்தினால் எல்லாம் திறந்துவிடும். மறைகுறியாக்கினால் திறக்காது. ஆனால் அந்தச் சொல்லை மறந்தால் உங்களாலும் திறக்க முடியாது. அதனால் கணக்கின் பிரதி ஒன்றை வேறொரு பூட்டிய வட்டில் வைத்திருங்கள்.

நம் நாட்டில் 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் நிறைவேறியிருக்கிறது. பிறர் விபரத்தைக் கையாள்வது இனிச் சட்ட விடயமும்கூட. அடுத்த முறை விலையும் வேகமும் கேட்கும்போது, "இதன் சேமிப்பகத்தைக் கழற்றலாமா?" என்றும் கடைக்காரரிடம் கேளுங்கள்.