மாந்தோப்பில் கூடாரம்: கடன் இல்லாமல் ஓர் உபவருமானம்

"என் மாந்தோப்பில் கூடாரம் போட்டு, பட்டணத்து விருந்தாளிகளைத் தங்க வைக்கலாமா?" என்று உத்திரமேரூர் பக்கத்து விவசாயி ஒருவர் அண்மையில் கேட்டார். அவருக்கு நிலம் இரண்டரை ஏக்கர். கிணறு உண்டு, தோப்பு வரை மின்கம்பி வரவில்லை. போடலாம், ஆனால் கடன் வாங்கிப் போட வேண்டாம் என்றேன்.

மகாராஷ்டிரத்தில் பாராமதி அருகே பாண்டுரங்க தாவரே என்பவர் 2005-இல் இத்தொழிலைத் தொடங்கினார். 2020-இல் அம்மாநில அரசு வேளாண் சுற்றுலாவுக்கெனத் தனிக் கொள்கையே வெளியிட்டது. அங்கே வருவோர் நாடுவது ஓட்டல் வசதியை அன்று; மாட்டு வண்டியையும் வீட்டுச் சமையலையும்தான்.

காஞ்சிபுரத்தில் 2019 ஜூலை 1 முதல் ஆகஸ்டு 17 வரை அத்திவரதரைத் தரிசிக்க ஒரு கோடிக்கு மேற்பட்டோர் வந்தனர். அந்தக் கூட்டத்தை வைத்துக் கணக்குப் போடக் கூடாது. அதற்கு முன் 1979, அடுத்தது 2059! ஆண்டுதோறும் வைகாசிக் கருட சேவைக்கும் கூட்டம் உண்டு. ஆனால் அந்த வெயிலில் துணிக் கூடாரத்துக்குள் இருக்க முடியாது. கீற்றுக் கொட்டகையே ஏற்றது. ஐப்பசி, கார்த்திகையில் மழை. ஆக, மார்கழிக் கடைசி முதல் மாசி வரைதான் கூடாரத்துக்குக் காலம். வேடந்தாங்கலில் பறவைகள் இருப்பதும் அப்போதே.

இதில் ஒரு சிக்கல் உண்டு. சம்பா அறுவடை அப்போதுதான் வரும். மா பூத்து, தத்துப்பூச்சிக்கு மருந்து அடிப்பதும் அப்போதுதான். மருந்து தெளித்த வாரத்தில் தோப்பில் யாரையும் தங்க வைக்காதீர்கள். வீட்டில் ஆள் பலம் இல்லாதவர் இதில் இறங்காதிருப்பதே நலம்.

எல்லோரும் கூடாரத்தின் விலையை விசாரிக்கிறார்கள். நான் முதலில் பார்ப்பது கழிப்பறையை. இரட்டைக் குழிக் கழிப்பறை போதும். கிணற்றிலிருந்து குறைந்தது 15 மீட்டர் தள்ளி, கிணற்றைவிடத் தாழ்வான பக்கத்தில் அமைய வேண்டும். பாலாற்றங்கரை மணற்பாங்கான நிலத்தில் இன்னும் தள்ளியிருக்கட்டும். ஒரு குழி நிரம்பியதும் மூடிவிட்டு மற்றதற்குத் திருப்புக. மூடிய குழியை ஓராண்டுக்கு மேல் விட்டுவைத்தால் மக்கி எருவாகும்.

வெளிச்சத்துக்கு 100 வாட் சூரியத் தகடு ஒன்று, மின்கலத்துடன். நல்ல வெயில் நாளில் இழப்பு போக ஏறக்குறைய 400 வாட்-மணி கிடைக்கும். 5 வாட் விளக்குகள் நான்கு ஆறு மணி நேரம் எரிய 120, 30 வாட் விசிறி எட்டு மணி நேரம் சுழல 240. கணக்கு சரியாகிவிடும். தகட்டை மாமர நிழலில் வைத்துவிட்டு வெளிச்சம் போதவில்லை என்று சொல்லக் கூடாது.

வைக்கோற்போர், வரப்பு, கரையான் புற்று இவற்றின் பக்கத்தில் கூடாரம் ஆகாது, பாம்பு வரும். திறந்த கிணற்றுக்குக் கைப்பிடிச் சுவர் கட்டாயம். பாம்பு தீண்டினால் தாமதமின்றி 108-ஐ அழையுங்கள். ஊராட்சியிலும் மாவட்டச் சுற்றுலா அலுவலகத்திலும் அனுமதி, பதிவு குறித்து முன்கூட்டியே விசாரித்துக் கொள்ளவும்.

வருவோருக்குப் பொழுதுபோக்கு ஏற்படுத்தத் தேவையில்லை. கோயில்களும் பட்டுத் தறியும் உள்ளன; உத்திரமேரூரில் குடவோலைக் கல்வெட்டு உள்ளது. மிளகு, சீரகம், சுக்கு சேர்த்த காஞ்சிபுரம் இட்லியை வீட்டிலேயே செய்து கொடுத்தால் மறக்க மாட்டார்கள்.

உத்திரமேரூர்க்காரர் இப்போதைக்கு ஒரே ஒரு கீற்றுக் கொட்டகை போட்டிருக்கிறார். கழிப்பறைக் குழி வெட்டியாகிவிட்டதாம். தூரத்தை அளந்து பார்க்க என்னை வரச் சொல்லியிருக்கிறார்.