கடல் கடந்த உறவூர்கள் – 9: கொக்குவிலிலிருந்து பலெர்மோவுக்கு

சிசிலித் தீவின் வடகரையில், திரேனியக் கடலைப் பார்த்தபடி அமைந்திருக்கும் பலெர்மோ நகருக்கு யாழ்ப்பாணக் குடாநாட்டிலிருந்து புறப்படுபவர் பொதுவாகச் சுற்றுலாப் பயணியல்லர். 1980களிலிருந்து அங்கு குடியேறி, வீட்டுப் பணியிலும் முதியோர் பராமரிப்பிலும் உழைத்துவரும் மகனையோ மகளையோ காணச் செல்லும் தாயோ தந்தையோ தான். ஆகையால் பயணக் கையேடுகள் முதலில் எழுதும் விடுதி, காட்சியிடம், கடற்கரை ஆகியவை கொக்குவிலில் வகுக்கப்படும் திட்டத்தில் கடைசிக்குப் போய்விடுகின்றன. அழைக்கும் பிள்ளையின் விடுமுறையும் அப்பிள்ளை அனுப்பும் கடிதமும் முன்னுக்கு வருகின்றன.

இத்தாலியில் வீட்டுப் பணியாளருக்கான தேசியத் தொழில் உடன்படிக்கை ஆண்டுக்கு 26 வேலைநாள் விடுமுறையை வழங்குகின்றது. எனினும் அந்நாட்கள் எப்போது கிடைக்கும் என்பது பெரும்பாலும் வேலை கொடுக்கும் குடும்பம் எப்போது ஊரை விட்டுக் கிளம்புகின்றது என்பதைப் பொறுத்தது. ஓகஸ்ட் 15ஆம் திகதி வரும் பெராகோஸ்தோ என்னும் பொது விடுமுறையை ஒட்டி இத்தாலியக் குடும்பங்கள் பல கடற்கரைக்கோ மலைக்கோ சென்றுவிடுவதால், ஓகஸ்ட் மாதமே பலருக்கு ஓய்வு மாதம். சிக்கல் என்னவென்றால், ஆடி அமாவாசைக்குப் பின் ஆறாம் நாள் கொடியேறி 25 நாட்கள் நடைபெறும் நல்லூர்த் திருவிழாவும் பல ஆண்டுகளில் அதே காலத்திலேயே வருகின்றது; தாய் பலெர்மோவுக்குப் பயணச்சீட்டு எடுத்த அதே கிழமைகளில் மகள் நல்லூருக்கு வர எண்ணியிருக்கக்கூடும். திகதி குறிக்குமுன் இரு பக்கமும் ஒருமுறை பேசிக்கொள்வது, மலிவான பயணச்சீட்டைத் தேடுவதைவிடப் பயன் தரும்.

பலெர்மோவின் சொந்த நாட்காட்டியில் இரண்டு நாட்கள் தனித்து நிற்கின்றன. 12ஆம் நூற்றாண்டில் பெல்லெக்ரினோ மலைக் குகையில் தவவாழ்வு வாழ்ந்ததாக நம்பப்படும் புனித ரோசாலியாவின் எலும்புகள் 1624இல், நகரைக் கொள்ளைநோய் வாட்டிய வேளையில், கண்டெடுக்கப்பட்டன. அவற்றை மறு ஆண்டில் நகர்வலமாக எடுத்துச் சென்றபின் நோய் தணிந்தது என்ற நம்பிக்கையிலிருந்து பிறந்ததே யூலை 14 இரவு நடைபெறும் பெஸ்தீனோ என்னும் பெருவிழா. 2024இல் அதன் 400ஆவது விழா கொண்டாடப்பட்டது. அரண்மனைப் பகுதியிலிருந்து கடற்கரைவரை தேர் இழுக்கப்பட்டு, நள்ளிரவில் வாணவேடிக்கையுடன் அவ்விழா முடிகின்றது. மற்றையது அதே புனிதரின் திருநாளான செப்டெம்பர் 4. அதற்கு முந்திய இரவில் மக்கள் மலைக்கு நடந்து ஏறுவர்.

இவ்விரண்டையும் ஒரே பயணத்தில் அடக்க விதி இடம் தருகின்றது. செங்கன் விசா என்பது, தமக்குள் எல்லைச் சோதனையை நீக்கிக்கொண்ட 29 ஐரோப்பிய நாடுகளுக்கும் பொதுவான குறுகிய கால அனுமதி. எந்த 180 நாட்களுக்குள்ளும் 90 நாட்கள் வரை தங்கலாம், வந்திறங்கும் நாளும் புறப்படும் நாளும் கணக்கில் சேரும். யூலை 1இல் நுழைபவருக்குத் தொண்ணூறாவது நாள் செப்டெம்பர் 28. ஆனால் 90 என்பது உச்ச வரம்பேயன்றி உரிமையன்று. விசாவில் அச்சிடப்பட்டிருக்கும் நாட்களின் எண்ணிக்கை அதனிலும் குறைவாக இருக்கலாம் என்பதால், திரும்பும் திகதியை மாற்றக்கூடிய பயணச்சீட்டே ஏற்றது.

விண்ணப்பத்தைப் பயணத்துக்கு ஆறு மாதங்களுக்கு முன்பிருந்து கொடுக்கலாம், குறைந்தது 15 நாட்களுக்கு முன்னதாகக் கொடுத்தாக வேண்டும். முடிவுக்கு வழக்கமாக 15 நாட்களும் சிக்கலான விண்ணப்பங்களுக்கு 45 நாட்கள் வரையும் செல்லும். யூலைப் பயணத்துக்குத் தைப்பொங்கல் முடிந்ததும் தொடங்குவது அவசரமாகாது. கட்டணம் 2024 யூன் முதல் பெரியவர்களுக்கு 90 யூரோ. கடவுச்சீட்டு பத்து ஆண்டுகளுக்குள் வழங்கப்பட்டதாகவும், திரும்பும் நாளுக்குப் பின் மூன்று மாதங்கள் செல்லுபடியாவதாகவும் இருக்க வேண்டும். குறைந்தது 30,000 யூரோ மருத்துவச் செலவை ஈடுசெய்யும் பயணக் காப்புறுதியும் கட்டாயம்.

இவற்றையெல்லாம் சரியாகச் சேர்த்த பின்னும் கோப்பு தடுமாறும் இடம் ஒன்றுண்டு. யாழ்ப்பாணத் தமிழருக்குக் குடும்பப் பெயர் என்ற வழக்கம் இல்லை. தந்தையின் பெயரே முன்னே நிற்கும், திருமணமான பெண்ணுக்குக் கணவரின் பெயரும் வரலாம். இத்தாலிய வதிவிட அட்டையிலோ குடும்பப் பெயருக்கென்று தனிக் கட்டம் இருப்பதால், தாயும் மகனும் பெயரளவில் ஒருவருக்கொருவர் தொடர்பற்றவர்களாகத் தோன்றுகின்றனர். அந்த உறவை அலுவலர் முன் நிறுவுவது அழைப்புக் கடிதத்தின் உருக்கமன்று, பிள்ளையின் பிறப்புச் சான்றிதழே. அதனைச் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளர் ஒருவர் மூலம் பெயர்த்து, கடவுச்சீட்டிலுள்ள எழுத்துக்கூட்டலே மொழிபெயர்ப்பிலும் வருகின்றதா என்று எழுத்தெழுத்தாகப் பார்க்க வேண்டும்.

பாதையில் அதிகம் சொல்வதற்கில்லை. யாழ்ப்பாணத்திலிருந்து இரவுப் பேருந்திலோ வான் வண்டியிலோ கட்டுநாயக்க விமான நிலையம், அங்கிருந்து வளைகுடா நகரொன்றின் வழியாக ரோம் அல்லது மிலான், பின்னர் உள்நாட்டு விமானத்தில் பலெர்மோ; 1992இல் மாபியாவினால் கொல்லப்பட்ட நீதவான்கள் பல்கோனே, பொர்செல்லினோ ஆகியோரின் பெயரைத் தாங்கிய விமான நிலையம் நகரிலிருந்து ஏறத்தாழ 35 கிலோமீற்றர் மேற்கே உள்ளது. முதியவருக்குச் சக்கர நாற்காலி வேண்டுமெனின் 48 மணி நேரத்துக்கு முன் விமான நிறுவனத்துக்கு அறிவிக்க வேண்டும். ஐரோப்பியச் சட்டப்படி அது இலவசம். வழியில் பாரிசிலோ சூரிச்சிலோ இறங்கி மற்றப் பிள்ளையையும் பார்த்துவிடலாம் என்ற ஆசை இயல்பானது. அந்த நாடுகளும் செங்கன் எல்லைக்குள் அடங்குவதால் விசா அதற்குத் தடையில்லை. ஆயின் அவ்வாறு நுழைந்தவர் இத்தாலிக்கு வந்த எட்டு நாட்களுக்குள், கெஸ்தூரா எனப்படும் மாகாணக் காவல் தலைமையகத்தில் தமது வருகையைப் பதிய வேண்டும். நேரே இத்தாலியில் இறங்குபவருக்கு எல்லைப் பதிவே போதும். இலண்டனுக்கோ தனி விசா வேண்டும். எவ்வழியில் வந்தாலும், வீட்டில் விருந்தினரைத் தங்கவைக்கும் உறவினர் 48 மணி நேரத்துக்குள் காவல்துறைக்கு எழுத்தில் அறிவிக்கக் கடமைப்பட்டவர். தவறினால் அபராதம் விழுவது அவர்மீதே.

பெட்டி கட்டுவதில்தான் வீட்டார் பலரின் உழைப்பும் வீணாகின்றது. இறைச்சி, நெய், பால்மா ஆகியவற்றை ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து பயணிகள் கொண்டுசெல்ல முடியாது. மீன் உணவு மட்டும் 20 கிலோகிராம் வரை அனுமதிக்கப்படுவதால் கருவாடு தப்பிவிடுகின்றது. தாவரநலச் சான்றிதழ் இன்றிச் செல்லக்கூடிய பழங்கள் ஐந்தே: தேங்காய், வாழைப்பழம், அன்னாசி, பேரீச்சம்பழம், துரியான். கறுத்தக்கொழும்பான் மாம்பழமும் முற்றத்துக் கறிவேப்பிலையும் அப்பட்டியலில் இல்லை. ஒரு காலத்தில் கொக்குவிலுக்குப் பேர் வாங்கித் தந்த சுருட்டுக்கும் வரம்புண்டு. விமானப் பயணி ஒருவர் வேறு புகையிலைப் பொருள் எதுவும் இல்லாதபோது 50 சுருட்டுகள் கொண்டுபோகலாம்.

சைவ உணவு உண்பவர் பல்லாரோ சந்தையில் பட்டினி கிடக்க வேண்டியதில்லை; கடலை மாவைக் கிண்டி, மெல்லிய துண்டுகளாக வெட்டிப் பொரித்த பனெல்லே அங்கு சூடாக விற்கப்படுகின்றது. அரஞ்சீனா என்னும் சோற்று உருண்டையை மட்டும் கேட்டு வாங்க வேண்டும். பெரும்பாலும் அதன் நடுவில் இறைச்சி இருக்கும், வெண்ணெய் சேர்த்ததென்று சொல்லப்படும் வகையிலும் பன்றி இறைச்சித் துண்டு கலந்திருப்பதுண்டு.

பெல்லெக்ரினோ மலைக்குச் சைவத் தமிழரும் கத்தோலிக்கத் தமிழரும் ஒருங்கே செல்வதைப் பலெர்மோவாசிகள் நன்கறிவர். மடுமாதா கோயிலுக்குச் சைவர்கள் செல்லும் வழக்கத்தைக் கண்டு வளர்ந்தவருக்கு இதில் வியப்பில்லை. ஏறத்தாழ 600 மீற்றர் உயரமான அம்மலையின் குகைக் கோயிலில், பாறையிலிருந்து சொட்டும் நீரை உலோகத் தகடுகள் ஏந்தி வடிக்கின்றன. 1787இல் அங்கு சென்ற ஜெர்மானியக் கவிஞர் கதேயும் அக்கோயிலைப் பற்றி எழுதியுள்ளார். நேர்த்தி வைத்துப் பலர் வெறுங்காலுடன் ஏறுகின்றனர். பழைய கற்பாதை யூலை நண்பகலில் கால்வைக்க இயலாத அளவுக்குச் சுடுவதால், விடியற்காலையில் தொடங்குவதோ செப்டெம்பர் இரவு ஏற்றத்துக்காகக் காத்திருப்பதோ நல்லது. முழங்கால் நோவுள்ள பெற்றோருக்கு நகரிலிருந்து கோயில்வரை பேருந்து உண்டு. பயணச்சீட்டைப் புகையிலைக் கடையில் வாங்கி, ஏறியவுடன் வண்டியிலுள்ள பொறியில் பதியாவிட்டால், சீட்டு கையில் இருந்தும் அபராதம் கட்ட நேரும். மலைக்கே போக முடியாதவர், எலும்புகள் வைக்கப்பட்டுள்ள வெள்ளிப் பேழையை நகரின் பேராலயத்திலேயே வணங்கலாம்.